ட்ராக்பேட் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

போன மாதம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர். மௌஸ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலி வந்ததால், மேக் டெஸ்க்டாப்புக்கு ட்ராக்பேட், அதாவது மௌஸுக்குப் பதிலாக விரலால் தடவி இயக்கும் பலகை, வாங்கி வைத்திருக்கிறார். "தம்பி, மூணு விரலால தள்ளினா அடுத்த ஸ்க்ரீன் வரமாட்டேங்குது. அம்புக்குறியும் திக்கித் திக்கிப் போகுது. கடையில காட்டினேன், பேட் போச்சு, புதுசு வாங்குங்கன்னுட்டாங்க" என்றார். புதிது பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். "வாங்கிடாதீங்கக்கா, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

போனதும் பேடைக் கேபிளில் இணைத்துவிட்டு ப்ளூடூத்தை அணைத்தேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்படியென்றால் பேட் நன்றாக இருக்கிறது, சிக்னல்தான் சரியாக வந்து சேரவில்லை. மேசையில் கம்ப்யூட்டரை ஒட்டினாற்போல் ஒரு யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க், போட்டோக்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தன. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கசியும். ப்ளூடூத் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். சிப் தயாரிக்கும் இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. நீளமான கேபிள் போட்டு டிஸ்க்கை மானிட்டருக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். திக்கல் நின்றது.

மூன்று விரல் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. ஆனால் இரண்டு விரலால் ஸ்க்ரோல் ஆனது, ஜூம் ஆனது. இரண்டு விரலைச் சரியாக உணர்கிற பேடுக்கு மூன்றாவது மட்டும் தெரியாமல் போவது அபூர்வம். இந்த மாதிரி நேரத்தில் நான் நேரே செட்டிங்ஸுக்குத்தான் போவேன். அக்சஸிபிலிட்டியில் பாயின்டர் கன்ட்ரோல், அதற்குள் ட்ராக்பேட் ஆப்ஷன்ஸ். அங்கே மூன்று விரல் இழுவை ஆன் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கை வலிக்கிறதே, அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டாமே என்று மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதை ஆன் செய்தால் மூன்று விரல் தள்ளல் நான்கு விரலுக்கு மாறிவிடும். "நாலு விரலால தள்ளிப் பாருங்கக்கா" என்றேன். ஸ்க்ரீன் நகர்ந்தது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சின்னக் கோளாறுகள். இரண்டும் சேர்ந்து வந்ததால் பேடே போய்விட்டது போலத் தோன்றியிருக்கிறது. நல்ல பேடைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

விண்டோஸ் டெஸ்க்டாப் என்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். அம்புக்குறி நகர்கிறது, சைகை எதுவும் எடுபடவில்லை, செட்டிங்ஸில் டச்பேட் பக்கமே காணோம் என்றால், அந்தப் பேடை கம்ப்யூட்டர் வெறும் மௌஸாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. சரியான டிரைவர் (பேடைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அப்புறம் ஈரம். விரல் பட்டால் கண்ணாடிக்கு அடியில் ஏற்படும் சின்ன மின்மாற்றத்தைத்தான் பேட் படிக்கிறது. நீர்த்துளியையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவிய கையோடு தொடாதீர்கள். பேடை ஆஃப் செய்துவிட்டு, லேசாக நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், மேலே ஸ்ப்ரே அடிக்க வேண்டாம்.

பேடைப் போன் சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி குதிக்கிறதா? அந்த சார்ஜரை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் போர்ட்டிலேயே செருகிப் பாருங்கள். அப்போதும் குதித்தால், பேடைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் செருகியிருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.