எழுதி வாங்கிய கடிதம் பாதுகாப்பு ஆணை ஆகாது

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு வந்த பெண், பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: "இனிமேல் என் மனைவியை அடிக்கவோ தகாத வார்த்தைகளால் திட்டவோ மாட்டேன்." கீழே கணவரின் கையொப்பம், இரண்டு சாட்சிகள், தேதி. கடைசிக் கடிதம் எழுதிய 11ஆம் நாள் அந்தப் பெண்ணின் இடது கையில் மாவுக்கட்டு. "ஆர்டர் இருந்தும் அடிக்கிறார் மேடம்" என்றார். அவர் வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட ஆணை இல்லை. இதே நம்பிக்கையோடு இதே போன்ற தாள்களை ஏந்தி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சான்று மட்டுமே. இருவரையும் உட்காரவைத்துப் பேசி எழுதி வாங்குவது சமரசம். அதைக் கணவர் அன்றிரவே மீறினாலும், மீறிய காரணத்துக்காக அவரைக் கைது செய்ய முடியாது. புதிய அடிக்குப் புதிய புகார்தான் தர வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதியதும், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் பெற்றதும், வக்கீல் நோட்டீசும் இப்படித்தான். பாதுகாப்பு ஆணை என்பது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பிறப்பிப்பது. அதை மீறுவதே தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல.

"கேஸ் போட்டால் குடும்பம் போய்விடுமே" என்பார்கள். இது விவாகரத்து மனு அன்று. மனுப் போட்டதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. கணவர் இதில் எதிர்மனுதாரர், குற்றவாளி அல்லர். அதே வீட்டில் இருந்துகொண்டே ஆணை பெறலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் வசிப்பிட ஆணை (வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்னும் ஆணை) கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. திருமணம் செய்யாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். சேர்ந்து வாழாத வெறும் காதல் உறவுக்குப் பொருந்தாது, அங்கே காவல் நிலையப் புகார்தான் வழி.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இம்மனுவுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். தற்போது அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊர் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கணவர் கையில் நோட்டீஸ் போய்ச் சேராமலேயே மாதங்கள் ஓடும். ஆகவே அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கொடுங்கள், வழக்கு முடியும்வரை பாதுகாப்பளிக்கும் இடைக்கால ஆணையை முதல் நாளே கேளுங்கள்.

தயவுசெய்து மருத்துவமனையில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிறுத்தி நிதானமாக வாசிப்பதும் அந்த ஒரு வரியைத்தான். யார் அடித்தார், எதைக் கொண்டு அடித்தார் என்பதைச் சொல்லி, நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆணை கிடைத்ததும் ஒரு பிரதி உங்கள் கைப்பையில் இருக்கட்டும், இன்னொன்று நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கட்டும். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே இலவசமாக நகல் அனுப்ப வேண்டும்; போய்ச் சேர்ந்ததா என்று நீங்களும் விசாரியுங்கள்.

எழுந்து போகும்போது, "இந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடவா?" என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாமம்மா, அவர் அடித்திருக்கிறார் என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி என்றேன். மனுவோடு மூன்றையும் இணைத்திருக்கிறோம்.