கெல்வின்: வெள்ளை வேறு, வெளிச்சம் வேறு

காருக்கு மாற்று ஹெட்லைட் பல்பு வாங்கப் போனால், அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஓர் எண் நிற்கும். 4300 கே, 5000 கே, 6000 கே என்று. வாட், வோல்ட், லுமென் எல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் லுமென் இருக்கவே இருக்காது. 6000 என்பது 4300-ஐவிடப் பெரிய எண், அப்படியானால் வெளிச்சமும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துப் பணத்தை நீட்டிவிடுவோம். ஆனால் அந்த 'கே' வெளிச்சத்தை அளப்பதே இல்லை. அது கெல்வின், வெப்பநிலையின் அலகு. ஹெட்லைட் பெட்டிக்கு வெப்பநிலை எதற்கு வந்தது என்பதில்தான் இந்தச் சொல்லின் கதை இருக்கிறது.

கெல்வின் என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் சிறிய ஆறு. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1846 முதல் 1899 வரை இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் தாம்சன். 1892-இல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தபோது, பட்டப்பெயராக அந்த ஆற்றின் பெயரே அமைந்தது. அதற்கு வெகு முன்பே, 1848-இல், எந்தப் பொருளின் இயல்பையும் சாராத தனிவெப்பநிலை அளவுகோல் ஒன்றை அவர் முன்வைத்திருந்தார். இன்றைய வடிவில் அதன் சுழியம் செல்சியஸ் கணக்கில் மைனஸ் 273.15. ஆற்றிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து அலகுக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. 1954-இல் 'டிகிரி கெல்வின்' என்று முறைப்படி பெயரிட்டார்கள். 1967-இல் 'டிகிரி'யை நீக்கிவிட்டார்கள். ஆகவே '6000 டிகிரி கெல்வின்' என்று இப்போது எழுதுவது பிழை. 6000 கெல்வின் என்றால் போதும்.

இதற்குத் தமிழ்ச் சொல் என்ன? அலகுக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆட்பெயரால் வந்த அலகுகளை எந்த மொழியும் மொழிபெயர்ப்பதில்லை. நியூட்டன், வாட், ஆம்பியர் எல்லாம் அப்படியேதான் வந்திருக்கின்றன. அவற்றிலும் கெல்வின் நமக்கு வசதியான வரவு. கல்வி, செல்வி என்று புழங்கிய நாவுக்கு அதில் எந்தத் தடங்கலும் இல்லை. 'வோல்ட்' போல வல்லின ஒற்றில் முட்டி நிற்பதும் இல்லை. 'கெல்வின்கள்' என்று பன்மை சேர்க்காமல் இருந்தால் சரி.

தமிழ் வேண்டியது அந்த அலகு எதை அளக்கிறதோ அதற்கு. பல்புப் பெட்டியில் கெல்வின் அளப்பது நிற வெப்பநிலை. சிலர் வண்ண வெப்பநிலை என்று எழுதுகிறார்கள், அதுவும் புரியும். ஆனால் வண்ணத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. பாட்டின் சந்தமும் வண்ணம், 'அவ்வண்ணமே' என்னும்போது 'அப்படியே' என்ற பொருளும் வண்ணம். அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டிய ஒன்றுக்கு நிறம்தான் கச்சிதம்.

சரி, நிறத்துக்கு எப்படி வெப்பநிலை வரும்? 'பழுக்கக் காய்ச்சிய இரும்பு' என்று நாம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். காய் பழுத்தால் நிறம் மாறுவதுபோல இரும்பும் சூட்டில் பழுக்கிறது. கிட்டத்தட்ட 800 கெல்வினில் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இன்னும் சூடேற்றினால் செம்மஞ்சள், பிறகு மஞ்சள், அதற்கும் மேலே வெண்மை. கொல்லர் பட்டறையில் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். இயற்பியல் இதைத் திருப்பிப் போட்டது: சூட்டைச் சொல்லி நிறத்தைக் குறிப்பிடலாம் என்றது. தன் மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும் கற்பனைப் பொருள் ஒன்றைக் கரும்பொருள் என்கிறோம். அதை 3000 கெல்வினுக்குச் சூடாக்கினால் என்ன நிறத்தில் ஒளிருமோ, அந்த நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தால், விளக்கின் நிற வெப்பநிலை 3000 கெல்வின். மெழுகுவத்திச் சுடருக்கு ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்புக்கு 2700, சாதாரண ஹாலஜன் ஹெட்லைட்டுக்கு 3200 சுமார், நண்பகல் வெளிச்சத்துக்கு 5500 முதல் 6500 வரை.

எண் ஏற ஏறச் சூடு கூடுகிறது, நிறம் நீலத்தை நோக்கிப் போகிறது. கடையிலோ இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். 3000 கெல்வின் 'வார்ம்', 6500 கெல்வின் 'கூல்'. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிவப்பையும் மஞ்சளையும் நெருப்போடும், நீலத்தை நீரோடும் சேர்த்தே மனம் பழகியிருக்கிறது. நாமும் நிலவொளியைத் தண்ணொளி என்றுதான் சொல்கிறோம். அந்த நிலவொளியோ சூரிய ஒளியின் எதிரொளிப்பு. அளந்து பார்த்தால் வெயிலைவிடச் சற்று மஞ்சள் கூடியது. தமிழில் இதம் வெண்மை, குளிர் வெண்மை என்று எழுதலாம். உணர்வைச் சொல்லும் சொற்கள் இவை என்று தெரிந்து எழுத வேண்டும்.

வெண்மையையும் வெளிச்சத்தையும் ஒன்றாக எண்ணும் குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. வெள்ளை, வெண்மை, வெள்ளி, வெளிச்சம் எல்லாம் 'வெள்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. விடியலைச் சொல்ல 'கிழக்கு வெளுத்தது' என்கிறோம். வெளுப்பதும் வெளிச்சம் வருவதும் நமக்கு ஒரே நிகழ்ச்சி. ஆகவே 'அதிக வெண்மை' என்று பெட்டியில் பார்த்ததும் 'அதிக வெளிச்சம்' என்று மனம் படித்துவிடுகிறது. மொழி இரண்டையும் ஒரே வேரில் வைத்திருந்தாலும் அளவுகோல் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளைக்குக் கெல்வின். வெளிச்சத்துக்கு லுமென்.

லத்தீனில் லுமென் என்றால் ஒளி என்றே பொருள். பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே ப்ளோந்தேல் 1894-இல் அதை அலகாக முன்மொழிந்தார். ஒரு விளக்கிலிருந்து மொத்தமாக வெளிவரும் ஒளியின் அளவை இது சொல்லும். அந்த அளவுக்குத் தமிழில் ஒளிப்பாயம் என்ற சொல் இருக்கிறது. நல்ல சொல், பாயும் ஒளி என்று பார்த்ததும் விளங்குகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிகளில் ஹெட்லைட் பல்பு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு லுமென் என்று வரம்பு உண்டு. ஒற்றை இழை உள்ள ஹெச்7 வகைப் பல்புக்கு 1500. இரண்டு இழைகள் உள்ள ஹெச்4 வகைக்கு, தூரம் காட்டும் ஹை பீமில் 1650, தாழ்த்தி அடிக்கும் லோ பீமில் 1000. இவற்றில் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. விதிக்கு உட்பட்ட ஒரு ஹாலஜன் பல்பு இன்னொன்றைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தரவே முடியாது என்பது இதிலிருந்து தெரியும். '100 விழுக்காடு கூடுதல்', '130 விழுக்காடு கூடுதல்' என்று பெட்டியில் போட்டிருப்பது சாலையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் விழும் ஒளியைப் பற்றிய கணக்கு. இழையை நெருக்கமாகச் சுற்றி, கூடுதல் சூட்டில் எரியவிட்டு அதைச் சாதிக்கிறார்கள். பலன் உண்மைதான், விலையாகப் பல்பின் ஆயுள் குறையும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஹாலஜன் பல்புக்குள் எரிவது டங்ஸ்டன் இழை. டங்ஸ்டன் உருகும் வெப்பநிலை 3422 செல்சியஸ், அதாவது 3695 கெல்வின். உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை இதற்குத்தான். அப்படியிருக்க, ஹாலஜன் பெட்டியில் 5000 கே எப்படி வந்தது? அந்தச் சூட்டில் இழை என்றைக்கோ உருகி ஓடியிருக்கும்.

பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். கண்ணாடி நீலமாக இருக்கும். சாய்த்துப் பிடித்தால் ஊதா கலந்து மினுங்கும். இழை பழைய மஞ்சள் ஒளியைத்தான் தருகிறது, நீலப் பூச்சு வடிகட்டியாக நிற்கிறது. பூச்சு நீலத்தைப் புதிதாகச் சேர்க்காது. சிவப்பையும் மஞ்சளையும் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் டங்ஸ்டன் தரும் ஒளியில் பெரும்பங்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும்தானே! அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது வெள்ளையாகத் தெரியும், ஆனால் அளவில் குறைந்திருக்கும். இழை ஒரே மாதிரி இருந்தால், நீலப்பூச்சு ஹாலஜன் கெல்வினைக் கூட்டி லுமெனைக் குறைக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று பல்பு மாற்றுபவர் தேட வேண்டியது இதற்கு நேர் எதிரானதை.

பல்பை எடுத்துப் பார்க்கும்போது கண்ணாடியில் விரல் பட வேண்டாம். அது குவார்ட்ஸ், விரல் வியர்வையின் உப்பிலுள்ள சோடியம் சூட்டில் அதைப் பாதித்து, கண்ணாடி பூத்துப்போய்ச் சீக்கிரம் வெடிக்கும். இதில் ஒரு வேடிக்கை: ஹாலஜன் என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கே 'உப்பை உண்டாக்குவது' என்றுதான் பொருள். தமிழில் உப்பீனி என்கிறார்கள், உப்பை ஈனுவது. உள்ளே இருக்கும் உப்பீனி, அயோடினோ புரோமினோ, ஆவியாகும் டங்ஸ்டனைப் பிடித்து இழைக்கே திருப்பி அனுப்பி ஆயுளைக் கூட்டுகிறது. வெளியே பட்ட உப்பு அதே ஆயுளைக் குறைக்கிறது.

எல்இடியில் கதை வேறு. அங்கே பழுக்கும் இழையே கிடையாது. நீல ஒளி தரும் சிறு மின்னணுச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு இருக்கும். இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அதற்கு 6000 கெல்வின் என்று சொல்வது ஒப்பீடு மட்டுமே. இதை ஒத்த நிற வெப்பநிலை என்று சொல்வது சரி. எல்இடியில் அதிகக் கெல்வின் இருந்தாலே லுமென் குறையும் என்றும் சொல்ல முடியாது. இங்கே சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியைச் சாலைப் பக்கம் திருப்பும் கிண்ணம், இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்து ஒளி வரும் என்று கணக்கிட்டு வளைத்தது. எல்இடி சில்லு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், பட்டையாக இருந்தாலும், ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். சுவரில் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: லோ பீமின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்க வேண்டும், அதற்கு மேலே ஒளி சிதறிக் கிடந்தால் அந்தப் பல்பு அந்தக் காருக்கு ஆகாது. ஹாலஜன் கூட்டில் எல்இடி பல்பு போடுவதைப் பல நாடுகள் தடைசெய்திருப்பதும், சில நாடுகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும் அனுமதிப்பதும் இதனால்தான்.

அப்புறம் மழை, மூடுபனி. மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்பது பலர் நம்பும் கதை. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கூடிய ஒளி கண்ணைக் கூடுதலாகக் கூசச் செய்யும் என்பது உண்மை. பிரான்ஸ் 1936 முதல் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது, கூச்சத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். நனைந்த கரிய தார்ச்சாலையில் 6000 கெல்வின் ஒளி விழுந்த இடமே தெரியவில்லை என்று ஓட்டுநர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். 8000, 10000 என்று போனால் நீலமும் ஊதாவும்தான். பல இடங்களில் சட்டப்படி அது வெள்ளை ஒளிக் கணக்கிலேயே வராது.

வெள்ளையாக வேண்டும், வெளிச்சமும் அதிகம் குறையக்கூடாது என்றால் என் தேர்வு 4000-ஐ ஒட்டிய ஹாலஜன், அதுவும் பூச்சு லேசாக இருப்பது. இழை இல்லாமல் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி எரியும் செனான் விளக்குகளே ஏறத்தாழ 4300 கெல்வினில், 3200 லுமெனில் வந்தவைதான். அந்த நிறத்தைப் பார்த்து மயங்கித்தான் கூட்டம் எண்களை ஏற்றிக்கொண்டே போனது. வெளிச்சம் மட்டுமே குறை என்றால் பூச்சே இல்லாத தெளிவுக் கண்ணாடிப் பல்பை வாங்கலாம். அதற்கும் முன், ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு பழுத்து மங்கியிருக்கிறதா, பல்புக்கு வரும் வோல்ட் குறைகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே ஹாலஜனின் லுமென் அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் இறங்கும். எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் 3200, மறுபக்கம் 5000 என்று எரியும் காரை எதிரே பார்த்தால், வருவது ஒரு வண்டியா இரண்டு பைக்கா என்று ஒரு கணம் குழம்பத்தான் செய்கிறது.