படகுப் பற்றரியில் கேத்தலைப் போடாதீர்கள்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் இந்த மாதம் என்னை அழைத்த மூன்றாவது படகு இது. இன்வேர்ட்டருக்குப் போகும் வயரின் உறை உருகி வழிந்து, பற்றரி வைத்திருந்த பலகை கருகியிருந்தது. கூரையில் 200 வாட் சோலர் தகடு, கீழே 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி, அதில் 2000 வாட் மின்கேத்தல். “இன்வேர்ட்டரில் 3000 வாட் என்றுதானே தம்பி போட்டிருக்கு?” என்றார் உரிமையாளர். முன்னைய இருவரும் இதையேதான் கேட்டிருந்தார்கள்.

அந்த 3000, இன்வேர்ட்டர் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. இன்வேர்ட்டர் மின்சாரம் எதையும் உண்டாக்குவதில்லை. பற்றரியில் உள்ளதை எடுத்து, ஒரு பங்கை வெப்பமாக இழந்து, மிச்சத்தை 230 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. வீட்டில் 9 அம்பியர்கூட இழுக்காத அதே கேத்தலுக்கு, 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 185 அம்பியர் பாய வேண்டும். “ஐந்து நிமிடந்தானே” என்பார்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் செலவாகும் மின்சாரம் பெரிதில்லை என்பதையும், நல்ல வெயிலில் அந்தத் தகடு அதை ஒருசில மணித்தியாலத்தில் ஈடுசெய்துவிடும் என்பதையும் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் மெல்லிய வயருக்குள் பாயும் அம்பியர்தான் அதைச் சுடுகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். உப்புக்காற்றில் பச்சை பூத்துத் தளர்ந்த இணைப்பென்றால், வயருக்கு முன்னே அதுவே உருகும்.

லித்தியம் பற்றரிக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கும் ஒன்று: அதே கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரிகள் பலவற்றின் உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று, ஓட்டம் 100 அம்பியரைத் தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். நடுக்கடலில், நள்ளிரவில், கேத்தலோடு சேர்ந்து ரேடியோ, ஜிபிஎஸ், படகு விளக்கு எல்லாமே அணையும்.

தண்ணீரைக் காஸ் அடுப்பில் கொதிக்க வையுங்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள், பற்றரி தரும் நேரோட்ட மின்சாரத்துக்கான டிசி பியூஸ் இருக்க வேண்டும். வீட்டு ஆடலோட்ட மின்சாரத்துக்கான ஏசி பிரேக்கரை அங்கே பூட்டி என்னிடம் காட்டாதீர்கள், டிசி ஓட்டத்தின் தீப்பொறியை அதனால் அணைக்க முடியாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பற்றரியை இன்வேர்ட்டரோடு சேர்க்கவே வேண்டாம். வயர் மாற்றுவதானால் வெள்ளீயம் பூசிய செப்பு வயரையே வாங்குங்கள், விலை கூடத்தான். மாரிகாலத்தில் நாட்கணக்காக மூட்டம் போட்டால் தகடு தருவது மிகச் சொற்பம். அந்த நாட்களில் பற்றரியில் மிஞ்சியிருப்பதைத் தயவுசெய்து ரேடியோவுக்கும் விளக்குக்கும் விட்டுவையுங்கள்.