மறுபடியும் அதே மாத்திரையா?

"காமாலை இறங்கிடுச்சுன்னுதானே திரும்பப் போட்டாரு!" கொத்தனாரின் மனைவிக்குக் கோபம். காசநோய் மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரம் வாந்தி, கண்ணில் மஞ்சள். எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டு, கீழாநெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார். தெம்பு வந்ததும் பழைய அட்டையை எடுத்தார். நாலே நாளில் மறுபடி குமட்டல்.

முதல் இரண்டு மாதம் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் நாலு மருந்து இருக்கிறது. அதில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே ஈரலைப் பதம் பார்க்கக்கூடியவை. எத்தாம்ப்யூட்டால் மேல் அந்தப் பழி அநேகமாக விழாது. மொத்தமாகத் திரும்பப் போட்டால், குற்றவாளி மூவரில் யார் என்று எப்படிப் பிடிப்பது?

வாந்தி, காமாலையோடு எஸ்.ஜி.பி.டி. (ஈரல் அடிபட்டதை ரத்தத்தில் காட்டும் அளவு) இயல்பைப்போல 3 மடங்கு தாண்டினாலும், தொந்தரவே இல்லாமல் 5 மடங்கு தாண்டினாலும் நிறுத்துவோம். மஞ்சள்காமாலை வைரஸ், குடிப்பழக்கம் இரண்டையும் விசாரிப்போம். எல்லாப் பழியும் மாத்திரைக்கே சேர்ந்ததல்ல. 2 மடங்குக்குக் கீழே வந்தபின் தனித்தனி மாத்திரையாக ஆரம்பிப்போம். பெரும்பாலும் ரிஃபாம்பிசின் முதலில். சில நாள் விட்டு ரத்தம் பார்த்து ஐசோனியாசிட். ஈரல் பலமாக அடிவாங்கியிருந்தால் பைராசினமைடைத் தொடவே மாட்டோம். அதற்குப் பதில் சிகிச்சை சில மாதம் நீளும். காசநோய் முற்றியிருந்தால் இடைப்பட்ட நாட்களையும் சும்மா விட முடியாது, ஈரலைத் தொடாத வேறு மருந்துகளை வைத்து ஓட்டுவோம்.

சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறதென்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் சாயம். கண்ணில் மஞ்சள் இல்லாமல், பசியும் எடுத்தால் பயமில்லை. சந்தேகமிருந்தால் வந்து காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆனால் ஒவ்வொன்றாகக்கூடச் சோதிக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. வலிப்புக்கு ஃபெனிடாயினோ கார்பமசிபினோ சாப்பிட்டுத் தோல் கொப்பளித்து, வாய் வெந்து, கண் சிவந்ததா? ஆயுளுக்கும் அந்த மருந்து வேண்டாம், கால் மாத்திரைகூட. இரண்டும் பங்காளிகள், ஒன்று ஆகாதவருக்கு மற்றதையும் கொடுக்க மாட்டோம். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கொத்தனாருக்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் இப்போது ஒத்துக்கொண்டன. பைராசினமைடை விட்டுவிட்டோம்.

"பழைய அட்டை மிச்சம் இருக்காம்மா?"

"சாமி மாடத்துல பத்திரமா வச்சிருக்கேன் டாக்டர், ஆத்திர அவசரத்துக்கு."

அடுத்த முறை வரும்போது எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.