அண்டக் கொடுத்து நகரும் லிஸ்டீரியா

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 200க்கும் அதிகமான உயிர்களைப் பறித்த லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்றைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், இரத்தத்தில் கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தும் இக்கிருமி எவ்வாறு பரவுகிறது என்று கேட்டிருந்தார். எதிர்ப்பொருள்கள் பொதுவாக உயிரணுவுக்கு வெளியேதான் வேலை செய்கின்றன; இக்கிருமியோ பெரும்பாலும் உயிரணுவை விட்டு வெளியே வராமலேயே அடுத்த உயிரணுவுக்குப் போய்விடுகிறது.

உயிரணுவுக்குள் நுழைவதையும், தன்னைச் சூழ்ந்த சவ்வுப் பையை லிஸ்டீரியோலைசின் என்ற புரதத்தால் துளைத்து வெளிவருவதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. உடலின் வெப்பநிலையில் இந்த பாக்டீரியா பொதுவாக நீந்துவதற்கான கசையிழைகளை உருவாக்குவதில்லை. மாறாக, ஆக்ட்ஏ என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில், ஒரு முனையில் மிகுதியாகப் பதித்துக்கொள்கிறது. உயிரணுவின் சட்டகத்தைக் கட்டும் ஆக்டின் மூலக்கூறுகளும், ஏற்கெனவே உள்ள இழையிலிருந்து சுமார் 70 பாகைக் கோணத்தில் புதுக்கிளையை முளைக்கவைக்கும் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டும் அங்கே தயாராக இருக்கின்றன. ஆக்ட்ஏ அந்தக் கூட்டைத் தூண்டிவிட, பாக்டீரியாவின் பின்புறத்தில் ஆக்டின் இழைகள் வால்நட்சத்திரத்தின் வால்போல அடர்ந்து வளர்கின்றன.

வெறுமனே நீளும் இழை ஒரு பாக்டீரியாவை எப்படித் தள்ளும்? மேட்டில் ஏறும் பாரவண்டி சற்றே முன்னால் அசையும்போதெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை அண்டக் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நுண்ணுலகில் வெப்பத்தால் எல்லாமே ஓயாது நடுங்குகிறது. பாக்டீரியாவும் இழை நுனியும் அவ்வாறு நடுங்குகையில் இடையே ஒரு கணம் சில நானோமீட்டர் இடைவெளி திறக்கிறது, அதில் ஓர் ஆக்டின் மூலக்கூறு புகுந்து ஒட்டிக்கொண்டால் இழை 2.7 நானோமீட்டர் நீள்கிறது, பாக்டீரியா பழைய இடத்துக்குத் திரும்ப இயலாது. தசையை இயக்கும் மையோசினுக்கு இதில் வேலையே இல்லை. தூய்மைப்படுத்திய ஒருசில புரதங்களை மட்டும் கலந்தே இந்த நகர்வைச் சோதனைக்குழாயில் மீளுருவாக்க முடியும் என்று 1999இல் பிரான்சில் உயிர்வேதியியலாளர் கார்லியேயின் குழுவினர் காட்டினர். வால் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை, உயிரணுவில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாக்டீரியாதான் அதை விட்டு விலகிச் செல்ல, வாலின் பழைய பகுதி பின்னால் கரைந்துகொண்டேயிருக்கிறது.

உடனடிப் பயன் என்ன என்று கேட்டு இத்தகைய ஆய்வுகளுக்கு நிதியைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வெள்ளணுக்களும் ஆக்டின் இழைகளை வளர்த்தே ஊர்கின்றன; அவை ஊர்ந்து செல்லும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கிருமியின் வால் பெரிதும் உதவியது.

இவ்வாறு உந்தப்படும் பாக்டீரியா உயிரணுவின் ஓரத்தை முட்டி, சவ்வை விரல்போல நீட்டி அண்டை உயிரணுவுக்குள் அழுத்துகிறது. அந்த உயிரணு விரலின் நுனியை விழுங்கிவிட, இப்போது இரண்டு சவ்வுகளுக்குள் சிறைப்பட்ட லிஸ்டீரியா இரண்டையும் துளைத்து வெளிவந்து, புது வீட்டின் ஆக்டினைக் கொண்டு அடுத்த வாலைக் கட்டத் தொடங்குகிறது.