இன்சுலினுக்குக் காத்திராத தசை

பிரசவம் முடிந்து இரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்ட பிறகும், கர்ப்பகால நீரிழிவு இருந்த தாய்மாரை உடற்பயிற்சி செய்யும்படி மருத்துவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நோய் போய்விட்டதென்றால் மருந்து எதற்கு? ஆனால் போனது நோயின் வெளித்தோற்றம் மட்டுமே.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. குழந்தையோடு நஞ்சுக்கொடியும் வெளியேறியதும் சுமை இறங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. கணையத்தின் கையிருப்புக் குறைவும், பலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை) அப்படியே தங்கிவிடுகின்றன. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய தரவுகளை ஒன்றுதிரட்டி 2020இல் வெளியான ஆய்வு, இவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று கணித்தது.

இங்கேதான் தசை வருகிறது. உணவுக்குப் பின் இன்சுலினின் தூண்டுதலால் திசுக்கள் உள்வாங்கும் குளுக்கோஸில் மிகப் பெரும்பங்கு எலும்புத்தசைகளுக்கே போகிறது. ஆனால் குளுக்கோஸ் தசைச் செல்லின் சவ்வைத் தானாகக் கடக்காது. அதைக் கடத்திவிட குளூட்-4 என்ற புரதம் வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லில் இந்தப் புரதத்தின் பெரும்பகுதி சவ்வில் இருப்பதில்லை. செல்லுக்குள்ளே மிக நுண்ணிய பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. இன்சுலின் வெளியே தன் ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, கடைசியில் அந்த நுண்பைகள் நகர்ந்து வந்து சவ்வோடு இணைகின்றன. குளூட்-4 வெளிப்பரப்பில் வந்து அமர்கிறது. இன்சுலின் எதிர்ப்பு என்பது பெரிதும் இந்தச் சங்கிலியின் இடையில் ஏற்படும் தளர்ச்சி.

வியப்பு என்னவென்றால், தசைக்கு வேறொரு வழியும் இருக்கிறது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் மாடிப்படி ஏறுகிறாள் என்று கொள்வோம். தொடையில் ஒரு தசையிழை சுருங்கவேண்டுமானால் அதன் உள்ளறைகளிலிருந்து கால்சியம் பீறிட்டு வெளிவர வேண்டும். சுருக்கத்துக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி என்ற மூலக்கூறு செலவாகிறது. செலவு கூடக்கூட ஏஎம்பி என்ற எச்ச மூலக்கூறு பெருகி, செல்லின் ஆற்றல் கண்காணிப்பாளரான ஏஎம்பிகே நொதியை விழிக்கச் செய்கிறது. சுருங்கும்போது ஏற்படும் இழுவிசையும் தன் பங்குக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. கால்சியம், ஆற்றல் குறைவு, இழுவிசை ஆகிய இவை யாவும் சேர்ந்து அதே குளூட்-4ஐச் சவ்வுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இன்சுலின் ஏற்பி இதில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை. எனவே, இன்சுலினின் குரலுக்குச் செவிசாய்க்காத தசையும் தன் சுருக்கத்துக்கு உடனே இணங்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்து, தொடைத் தசையின் மாதிரிகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வில், இரு சாராரிடமும் குளூட்-4 சவ்வுக்கு வந்த அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உடலியலில் நான் படித்தவற்றுள் இவ்வளவு நம்பிக்கை தரும் முடிவுகள் மிகச் சிலவே.

பயிற்சி நின்றதும் இந்த நேரடி விளைவு சில மணி நேரத்தில் தணிகிறது. ஆனால் தசை தன் கிளைக்கோஜன் (சேமித்துவைத்த குளுக்கோஸ்) இருப்பை மீண்டும் நிரப்ப வேண்டியிருப்பதால், அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு இன்சுலினின் சொல்லையும் முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. வாரத்தில் ஒரு நாள் நெடுநேரம் உழைப்பதைவிடப் பல நாட்களில் பகிர்ந்து உழைப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம். குறைந்த இன்சுலினே போதும் என்பதால் கணையத்துக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது.

பலன் ஏட்டளவில் நிற்பதன்று. கர்ப்பகால நீரிழிவு இருந்த 4,554 அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அளவுக்கோ அதற்கு மேலோ தம் உடலுழைப்பைக் கூட்டிக்கொண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு 47 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. இது யாரையும் பயிற்சியில் ஈடுபடுத்தாமல், நடப்பதைக் கவனித்து மட்டும் பார்த்த கூர்நோக்கு ஆய்வு என்பதால் முழுப் பெருமையையும் உழைப்புக்கே தந்துவிட முடியாது. ஆயினும் மேலே சொன்ன செயல்முறையோடு அது நன்கு பொருந்துகிறது.

150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனமும் பிரசவித்த பெண்களுக்குக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கும் வார அளவே. இரண்டு மணிக்கொருமுறை எழுந்து பாலூட்டும் ஒருத்தியிடம் இந்த எண்ணை நீட்டிவிட்டு விலகிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. உறக்கக் குறைவே இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டக்கூடியது. அவள் நடக்கும் அரைமணி நேரம் குழந்தையை வேறொருவர் ஏந்தியிருக்க வேண்டும். கர்ப்பிணியின் சர்க்கரையில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையாவது பிரசவத்துக்குப் பின்னான ஆண்டுகளுக்கும், அக்காலத்தில் தாய்க்கு எத்தகைய உதவி உண்மையில் பயன்படுகிறது என்று கண்டறியும் ஆய்வுகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடப்பதும் கணக்கில் சேரும்; குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறும் நேரத்தில்தான் தசை அதை இழுத்துக்கொள்கிறது. மிதமான பயிற்சியால் தாய்ப்பால் குறைவதில்லை. அறுவைச் சிகிச்சையில் பிரசவித்தவர்களும், இரத்தப்போக்கோ அடிவயிற்று வலியோ உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்துகொண்டு, அது இயல்பாக இருந்தாலும் 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவர வேண்டும்.