ஆங்கில வாக்கியத்துக்குள் ஒரு சித்தப்பா

‘ஐ ஆம் கோயிங் வித் மை சித்தப்பா.’ ‘அங்கிள்’ என்ற சொல் தெரியாமல் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அப்பாவின் அண்ணன், தம்பி, அம்மாவின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர் என்று அத்தனை பேரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்தால், யாரைச் சொல்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ‘அண்ணா’வை மூத்த சகோதரன் என்ற பொருளில் சேர்த்துக்கொண்டதும் இத்தகைய தேவையால்தான்.

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். தமிழில் ‘சித்தப்பாவோடு’ என்போம். இங்கே ‘ஓடு’ வாசலிலேயே கழன்றுவிட்டது; அதன் வேலையை முன்னால் நிற்கும் ‘வித்’ செய்கிறது. அவருடைய வீட்டைச் சொல்லும்போதும் ‘சித்தப்பாஸ் ஹவுஸ்’தான், ‘சித்தப்பாவின் ஹவுஸ்’ என்று ஆங்கில வாக்கியத்தில் நம் வாயில் வராது. சட்டகத்தை ஒரு மொழி தருகிறது, மற்றது அதற்குள் சொற்களை மட்டும் அனுப்புகிறது என்று 1993இல் விளக்கினார் மொழியியலாளர் கேரல் மையர்ஸ்-ஸ்காட்டன். உருபுகளும் சொல்வரிசையும் சட்டக மொழிக்கே சொந்தம்.

இதை மொழி அறியாதவர் செய்யும் குழப்பம் என்று கடிந்துகொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடம் மொழியியலாளர் ஷானா பாப்லக் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. வாக்கியத்தின் நடுவிலேயே மொழி மாற்றியவர்களில் இரண்டு மொழிகளிலும் சரளமானவர்களே அதிகம்.

பெயர்ச்சொற்கள் எளிதாக நுழைந்துவிடும். ‘ஐயோ’ போன்றவை வாக்கியத்தின் ஓரத்திலேயே நின்றுகொள்வதால் அவற்றுக்கும் தடையில்லை. வினைச்சொல்லுக்குத்தான் சிரமம். வேற்றுமொழி வினையை ஏற்கத் தமிழுக்கு ஒரு துணை வேண்டும்: ‘டைப் செய்தேன்’. ஆங்கிலத்துக்கு அது வேண்டாம். இந்தியின் ‘லூட்’டை எடுத்துத் தன் காலவிகுதியை நேரே ஒட்டி ‘லூட்டட்’ ஆக்கிக்கொண்டது. ‘அமுக்கிப் பிடித்துவிடு’ என்று பொருள்படும் இந்தி ஏவல் வினைதான் ‘ஷாம்பூ’. உடல் பிடித்துவிடுவதைக் குறித்த அந்தச் சொல் பிறகுதான் தலைக்குளியலுக்கு மாறியது.

நிலைத்துவிட்ட சொல்லுக்கு ஒலியும் மாறும். கட்டுமரத்தை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: ‘ட்ட’வில் நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைகிறது. அந்த வளைவு ஆங்கிலத்தில் இல்லாததால் நாக்கு பல்லின் பக்கம் இறங்கிவிட்டது. முதன்மை அழுத்தம் ஈற்றசைக்குப் போனது, நடு உயிர்கள் மங்கின, ஈற்று ‘ம்’ ‘ன்’ ஆனது, ‘கேட்டமரான்’ பிறந்தது. 1697இல் கடலோடி வில்லியம் டேம்பியர் இதை எழுதியபோது, சோழமண்டலக் கரையில் ஓரிரு மரங்களாலான சிறு மிதவையையே குறித்தார். 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற பாய்மரப் படகை உருவாக்கினார். அதைப் போல இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. இன்று கண்ணாடி இழையிலும் அலுமினியத்திலும் செய்யப்படும் அவற்றில் பெரும்பாலும் கட்டும் இல்லை, மரமும் இல்லை.